தூசியைத் தட்டியும் தணியாத சூடு: ஒரு வீட்டுக் கணினியின் நிகழ்வு ஆய்வு

திருப்பூரில் வீட்டிலிருந்தே கல்யாண வீடியோ எடிட்டிங் செய்யும் ஒரு தம்பியின் கணினி இது. பாகங்களைத் தனித்தனியாக வாங்கி அவரே பூட்டியது. இன்டெல் கோர் ஐ7-12700 பிராசசர், 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு, கேபினட்டின் முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று. பிராசசர் மேல் 120 மி.மீ. ஃபேனுடன் ஒரு டவர் கூலர். நல்ல கூலர்தான். 2017ல் வாங்கிய பழைய கணினியிலிருந்து கழற்றி இதில் மாட்டியிருந்தார்.

புகார் நான்கு. எக்ஸ்போர்ட் (எடிட் செய்த வீடியோவை முழு ஃபைலாக எழுதும் வேலை) கொடுத்த அடுத்த நொடி ஃபேன் இரையத் தொடங்குகிறது. பிராசசர் வெப்பம் 100 டிகிரி செல்சியஸில் போய் நிற்கிறது. வேலை இழுக்கிறது. சில நாட்கள் கணினி தானாகவே அணைந்தும் போகிறது. என்னிடம் வருவதற்கு முன்பே, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவில் தடவும் தெர்மல் பேஸ்ட்டை மாற்றிப் பார்த்துவிட்டார்கள். பக்கவாட்டுக் கதவைக் கழற்றி டேபிள் ஃபேனைத் திருப்பி வைத்தும் பார்த்துவிட்டார்கள். பார்த்தவர்கள் அத்தனை பேரும் சொன்ன காரணம் ஒன்றே: பஞ்சு. வீட்டின் கீழ்த்தளத்தில் பனியன் தைக்கும் யூனிட் ஓடுகிறது. பனியன் துணி வெட்டுகிற இடத்தில் காற்றிலேயே பஞ்சு மிதக்கும். அந்தச் சந்தேகம் நியாயமானது. ஆனால் முழுக் காரணம் அது அல்ல.

அணைந்துபோகும் புகாரை முதலில் தனியே பிரித்தேன். ஒரே கணினியில் இரண்டு கோளாறுகள் சேர்ந்து வந்தால், ஒன்றின் அறிகுறியை மற்றதன் கணக்கில் எழுதிவிடுவோம். இன்றைய பிராசசர் சூடேறினால் சட்டென்று அணையாது. முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். இந்த ஐ7க்கு அந்த எல்லை 100 டிகிரி. 2001ல் டாம்ஸ் ஹார்ட்வேர் என்ற கணினி இணையதளம் வெளியிட்ட ஒரு வீடியோவில், ஓடிக்கொண்டிருந்த பென்டியம் 4ன் கூலரைக் கழற்றிய பிறகும் அது வேகம் குறைந்து ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைய ஏஎம்டி அத்லான் பிராசசர் அதே சோதனையில் புகைந்து போனது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. எனவே அணைவதற்கு வேறு காரணம் இருக்க வேண்டும் என்று விண்டோஸ் தன் நிகழ்வுகளைப் பதிந்துவைக்கும் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். அணைந்த ஒவ்வொரு முறைக்கும் 'கெர்னல் பவர் 41' என்ற பதிவு. கணினி முறையாக மூடப்படாமல் நின்றுபோனது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது. அந்த நேரங்களை அவரிடம் காட்டியதும், "அப்பெல்லாம் கரண்டு போச்சுங்ண்ணா" என்றார். மேசைக்கு அடியில் இருந்தது 600 விஏ யூபிஎஸ். அது தாங்குவது 360 வாட். பிராசசர் 180, கிராஃபிக்ஸ் கார்டு 170, அதற்கு மேல் மானிட்டரும் மற்றவையும். எக்ஸ்போர்ட் ஓடும்போது கரண்ட் போனால் யூபிஎஸ் கையை விரித்துவிடுகிறது. அதற்குப் பெரிய யூபிஎஸ் வாங்கச் சொல்லி அந்தக் கணக்கை முடித்தேன். மிச்சம் சூடு மட்டும்.

அளவுகள்

சூட்டுக் கோளாறில் பலரும் வெப்ப எண்ணை மட்டும் பார்க்கிறார்கள். வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும் பிராசசரில் அந்த எண் எதையும் சொல்லாது. நிரம்பி வழியும் தொட்டியில் நீர்மட்டத்தைப் பார்த்தால் குழாயில் எவ்வளவு வருகிறது என்று தெரியாது அல்லவா, அதுபோல. கூலர் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் 100, படுமோசமாக இருந்தாலும் 100. வித்தியாசம் தெரியும் இடம் வாட் கணக்குதான். பிராசசர் எத்தனை வாட்டை எரிக்க முடிகிறது, அந்த வெப்பம் வெளியேறும் வழியில் எந்த இடத்தில் எத்தனை டிகிரி விழுகிறது என்று பார்க்க வேண்டும்.

வெப்பம் போகும் பாதை நீளமானது. சிலிக்கான் சில்லிலிருந்து அதன் மேலுள்ள உலோக மூடிக்கு, அங்கிருந்து பேஸ்ட் வழியாகக் கூலரின் அடித்தட்டுக்கு, ஹீட்பைப் என்னும் வெப்பம் கடத்தும் குழாய்கள் வழியாக அலுமினியத் தகடுகளுக்கு, தகடுகளிலிருந்து காற்றுக்கு. கடைசியாக அந்தக் காற்று கேபினட்டை விட்டு, மேசையை விட்டு வெளியேற வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு தடை உண்டு. மொத்தத் தடையை மட்டும் அளந்தால் குற்றவாளி யார் என்று தெரியாது. பாதையை நடுவில் ஓரிடத்திலாவது வெட்டி அளக்க வேண்டும். அதனால் மல்டிமீட்டரின் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும்) ஒயர் நுனியைக் கூலரின் அடித்தட்டில், ஹீட்பைப்புகளுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். இன்னொரு வெப்பமானியைக் கேபினட்டின் முன் வலைக்கு எதிரே வைத்தேன். பிராசசரின் வெப்பம், வாட், வேகம் மூன்றையும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருள் காட்டும். ஒப்பிட்டுப் பார்க்க வசதியாக ஃபேன்களை பயோஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புப் பக்கம்) முழு வேகத்தில் நிறுத்திவிட்டேன். ஃபேன் தன் இஷ்டத்துக்கு ஏறி இறங்கினால் எந்த ஒப்பீடும் செல்லாது.

முதல் அளவு: அறை 34 டிகிரி. எக்ஸ்போர்ட் ஓடும்போது பிராசசர் 100 டிகிரி, எரிப்பது 98 வாட். கூலர் அடித்தட்டு 60 டிகிரி. முன் வலைக்கு வரும் காற்று 41 டிகிரி.

இந்த நான்கு எண்களிலேயே பாதிக் கதை இருக்கிறது. அறை 34 என்றால் கணினி 34 டிகிரிக் காற்றை மூச்சாக இழுக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. இங்கே ஏழு டிகிரி கூடுதல். காரணம் மேசை. நம் வீடுகளில் இருக்கும் கம்ப்யூட்டர் டேபிள்களில் சிபியு வைக்க என்று ஒரு மரக் கூண்டு இருக்கும். பின்பக்கம் பலகை, ஒயர் போக ஒரு ஓட்டை. பின் ஃபேன் தள்ளும் சூடான காற்று பலகையில் மோதி, பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு மறுபடியும் முன்னால் வருகிறது. அதை அப்போதைக்குக் குறித்து மட்டும் வைத்தேன். ஏனென்றால் அதைவிடப் பெரிய எண் கண்ணில் பட்டது: பிராசசருக்கும் அடித்தட்டுக்கும் நடுவில் 40 டிகிரி. சில மில்லிமீட்டர் தூரத்தில், 98 வாட்டுக்கு, அது அதிகம்.

பஞ்சு

பஞ்சை எடுக்காமல் மேலே போவதில் பயனில்லை. அது நிஜமாகவே இருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் தகடுகள் பளபளவென்று இருந்தன. ஃபேனைக் கழற்றியதும், தகடுகளின் காற்று நுழையும் விளிம்பில் கம்பளித் துணிபோல ஒரு படலம் கையோடு உரிந்து வந்தது. சாதாரண வீட்டுத் தூசி தகடுகளுக்குள்ளே படியும். பஞ்சு நுழையும் வாயிலேயே பின்னிக்கொண்டு காற்றை அடைக்கும். புளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். சுற்றவிட்டு ஊதினால் பேரிங் கெடும்.

சுத்தம் செய்த பிறகு: பிராசசர் 100 டிகிரி. அதே எண். பக்கத்தில் நின்ற தம்பியின் முகம் வாடிவிட்டது. ஆனால் வாட் 98லிருந்து 105க்கு ஏறியிருந்தது. அடித்தட்டு 57 டிகிரிக்கு இறங்கியிருந்தது. இரண்டு இடங்களின் வெப்ப வித்தியாசத்தை வாட்டால் வகுத்தால் தடை வரும்: முன்பு அடித்தட்டிலிருந்து காற்றுக்கு வாட்டுக்கு 0.19 டிகிரி, இப்போது 0.15. ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. பஞ்சு செய்த கேடு இவ்வளவுதான். பிராசசரிலிருந்து அடித்தட்டுக்கு உள்ள தடை மட்டும் முன்பும் பின்பும் வாட்டுக்கு 0.41. துளியும் அசையவில்லை. கோளாறு கூலரின் தகடுகளில் இல்லை, ஃபேனில் இல்லை. சில்லுக்கும் அடித்தட்டுக்கும் இடையில் இருக்கிறது.

ஏறும் வேகம்

இதை வேறொரு வழியாகவும் உறுதி செய்யலாம். அதற்குத் தெர்மோகப்பிள்கூட வேண்டாம், கடிகாரம் போதும். எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது.

600 கிராம் எடையுள்ள டவர் கூலரை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 500 ஜூல் வேண்டும். 150 வாட் முழுவதும் அதற்குள்ளேயே தங்கினாலும் ஒரு டிகிரி ஏற மூன்று நொடிக்கு மேல் ஆகும். ஆகவே தகடு அடைத்ததாலோ காற்று போதாததாலோ வரும் சூடு மெதுவாகத்தான் ஏறும். உச்சத்தைத் தொட நிமிடங்கள் பிடிக்கும். வேலையை நிறுத்தினாலும் மெதுவாகத்தான் இறங்கும். சில்லுக்கு அத்தனை எடை கிடையாது. அதன் மேல் தொடர்பு சரியில்லை என்றால் வேலை கொடுத்த நொடியே வெப்பம் எகிறும், நிறுத்திய நொடியே விழும்.

சும்மா இருக்கும்போது 54 டிகிரி. எக்ஸ்போர்ட் பொத்தானை அழுத்தியதும் இரண்டு நொடிக்குள் 98. நிறுத்தியதும் அதே வேகத்தில் அறுபதுகளுக்குள் விழுந்தது. வரைபடத்தில் செங்குத்தான சுவர்போல் ஏறி இறங்கியது. வேலை கொடுத்தவுடன் வெப்பம் ஓரளவு சட்டென்று ஏறுவது எந்த நல்ல கணினியிலும் உண்டு. நாற்பது டிகிரிக்கு மேல் என்றால் தொடர்பைச் சந்தேகிக்க வேண்டும்.

கடைசிச் சான்று கையால். வேலையை 60 வாட் அளவுக்குக் குறைத்து ஓடவிட்டேன். அப்போது பிராசசர் 75 டிகிரியில் நின்றது. இந்தச் சோதனையை 100 டிகிரியில் செய்து பயனில்லை. எண் நகர இடம் வேண்டும். கேபினட்டைப் படுக்கவைத்து, சுற்றும் ஃபேனில் விரல் படாமல் கூலரின் தலையில் உள்ளங்கையை வைத்துச் சீராகக் கீழே அழுத்தினேன். 75, 70, 66, 63. கையை எடுத்ததும் மறுபடி 75. தம்பி திரையையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஸ்க்ரூ லூசாங்ண்ணா? இன்னுங் கொஞ்சம் முடுக்கட்டுங்களா?"

முடுக்கிப் பார்த்தார். நான்கும் ஏற்கெனவே கடைசி வரை இறங்கியிருந்தன. ஒரு கால் சுற்றுகூட நகரவில்லை. இதுதான் இந்தக் கோளாறில் ஆட்களை ஏமாற்றும் இடம். ஸ்க்ரூ இறுகிவிட்டது என்றால் கூலர் அழுந்திவிட்டது என்று கை சொல்கிறது. அதை நம்பித்தான் முன்பு பேஸ்ட் மாற்றியவர்களும் மூடிவைத்திருக்கிறார்கள்.

முக்கால் மில்லிமீட்டர்

கழற்றியபோது பேஸ்ட் தெளிவாகச் சொன்னது. கூலர் சரியாக அமர்ந்திருந்தால் நடுவில் பேஸ்ட் மிக மெல்லியதாகப் பரவி, மூடியில் பொறித்த எழுத்துகள் அதன் வழியே மங்கலாகத் தெரியும். மிஞ்சியது ஓரத்தில் வரப்பாக ஒதுங்கியிருக்கும். இங்கே எழுத்தே தெரியவில்லை. ஒரு பக்கம் சப்பாத்திமாவு கனத்துக்குப் பேஸ்ட் அப்படியே நின்றது. இன்னொரு பக்கம் மட்டும் சற்று அமுங்கியிருந்தது.

காரணம் சாக்கெட்டில், அதாவது மதர்போர்டில் பிராசசர் உட்காரும் இருக்கையில். பழைய கணினியின் சாக்கெட் எல்ஜிஏ 1151. 12ஆம் தலைமுறை இன்டெல்லுக்கு எல்ஜிஏ 1700. இரண்டுக்கும் இடையில் இரண்டு மாற்றங்கள் நடந்தன. கூலர் ஸ்க்ரூ போகும் ஓட்டைகளின் இடைவெளி 75 மி.மீ. இருந்தது, 78 மி.மீ. ஆயிற்று. அது எல்லோருக்கும் தெரியும், ஏனென்றால் ஓட்டை பொருந்தாவிட்டால் மாட்டவே முடியாது. மற்ற மாற்றம் கண்ணுக்குத் தெரியாது: மதர்போர்டின் பரப்பிலிருந்து பிராசசர் மூடியின் உயரம் ஏறக்குறைய முக்கால் மில்லிமீட்டர் குறைந்தது. எல்ஜிஏ 1700 வந்த காலத்தில் சில மதர்போர்டுகள் பழைய கூலர்களும் மாட்டட்டும் என்று இரண்டு இடைவெளிக்கும் ஓட்டை வைத்தே வந்தன. இவருடையது அப்படிப்பட்ட போர்டு. பழைய கூலர் அழகாக மாட்டிக்கொண்டது. கூலரைப் போர்டிலிருந்து உயர்த்திப் பிடிக்கும் அதன் ஸ்டாண்ட்-ஆஃப் தண்டுகள் பழைய உயரத்துக்குச் செய்தவை. ஸ்க்ரூ அந்தத் தண்டின் தோளில் போய் முட்டி நின்றுவிடும். கை உணர்ந்த இறுக்கம் அந்த முட்டல்தான். அடித்தட்டு பிராசசர் மேல் போதிய அழுத்தமில்லாமல், பேஸ்ட்டின் மேல் மிதந்துகொண்டிருந்தது.

பேஸ்ட்டே இடைவெளியை நிரப்பிவிடாதா என்று கேட்கலாம். நிரப்பும், ஆனால் கடத்தாது. செம்பின் வெப்பக் கடத்துதிறன் மீட்டர்-கெல்வினுக்கு 400 வாட் அளவு. கடையில் கிடைக்கும் நல்ல பேஸ்ட்டுக்கு ஐந்து, பத்து. காற்றுக்கு 0.026. பேஸ்ட் காற்றைவிட எவ்வளவோ மேல், செம்போடு ஒப்பிட்டால் போர்வை. 10 சதுர செ.மீ. பரப்பில் அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஐந்து வாட் ரகப் பேஸ்ட் நின்றால், 125 வாட்டுக்கு அதில் மட்டும் 12 டிகிரிக்கு மேல் விழும். சில்லின் வெப்பம் மூடி முழுவதும் ஒரே சீராகப் பரவாமல் நடுவில் குவிவதால் நிஜத்தில் இன்னும் கூடும். விலை உயர்ந்த பேஸ்ட்டை வாங்கி இந்தக் குறையைத் தீர்க்க முடியாது. அழுத்தம் வேண்டும்.

எல்ஜிஏ 1700 பற்றி இன்னொரு குறையும் சொல்வார்கள். அதன் பூட்டுச் சட்டம் பிராசசரை நீளப் பக்கங்களின் நடுவில் அழுத்துவதால் மூடி லேசாகக் குழிகிறது என்று கண்டுபிடித்து, அதற்கென்று தனிச் சட்டங்கள் விற்கிறார்கள். அதில் சில டிகிரி குறையும். இந்தக் கணினியில் அதற்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று சொன்னேன். நாற்பது டிகிரி ஓட்டை இருக்கும்போது நான்கு டிகிரிக்கு அலைவது வீண்.

ஒட்டும் அளவும்

அந்தக் கூலருக்கே எல்ஜிஏ 1700 மவுண்டிங் கிட் தனியாகக் கிடைக்கிறது. பல கூலர் நிறுவனங்கள் பழைய மாடல்களுக்கு இப்படித் தந்திருக்கின்றன. புதுக் கூலர் வாங்கும் முன் விசாரித்துப் பார்ப்பது நல்லது. கிட் வரும்வரை அவர் வேலை நிற்கக் கூடாது, முகூர்த்த மாதம். பயோஸில் மின்வரம்பை 65 வாட்டில் நிறுத்தினேன். இந்தப் பிராசசருக்கு இன்டெல் அடிப்படையாகச் சொல்லும் அளவே 65தான். கூலர் அந்த நிலையிலேயே இருந்தும் 77 டிகிரியில் அமைதியாக ஓடியது. எக்ஸ்போர்ட் மெதுவாக முடிந்தது, ஆனால் தவறாமல் முடிந்தது. உதிரிப் பாகத்துக்காகக் காத்திருக்கும் யாருக்கும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கிட் வந்ததும் பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் கொஞ்சம் புதுப் பேஸ்ட் வைத்து, ஸ்க்ரூக்களை எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினோம். ஒரே பக்கத்தை முதலில் இறுக்கினால் தட்டு சாய்ந்து பேஸ்ட் ஒருபுறம் ஒதுங்கிவிடும். பிறகு கூலரை மறுபடி கழற்றி, பேஸ்ட் பதிந்த அச்சைப் பார்த்தோம். எழுத்துகள் தெரிந்தன. துடைத்துப் புதிதாக வைத்து மூடினோம்.

மின்வரம்பைப் பழையபடி எடுத்துவிட்டு, கணினியை அதே மரக் கூண்டில் வைத்து எக்ஸ்போர்ட் கொடுத்தோம். பிராசசர் 100 டிகிரி.

வெப்பத்தை மட்டும் பார்க்கிறவர் இந்த இடத்தில் பிராசசரையே குறை சொல்லிக் கைவிட்டிருப்பார். வாட் கணக்கில் 170 என்று இருந்தது. 105லிருந்து 170. பிராசசருக்கும் அடித்தட்டுக்கும் நடுவே தடை 0.41லிருந்து 0.18க்கு விழுந்திருந்தது. சரியாக அமர்ந்த கூலரைக் கண்டதும் பிராசசர் முடிந்தவரை எரித்துத் தள்ளுகிறது, அவ்வளவே. இப்போது அதைத் தடுப்பது கூண்டு: உள்ளே வரும் காற்று 43 டிகிரிக்கு ஏறியிருந்தது. கேபினட்டைக் கூண்டிலிருந்து எடுத்து, மேசைக்குப் பக்கத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, தாழ்வான ஸ்டூல் மேல் வைத்தோம். காற்று 35. பிராசசர் தன் உச்ச அளவான 180 வாட்டை முழுதாக எரித்துக்கொண்டு 94 டிகிரியில் நின்றது.

94 ஆபத்தில்லை. இன்டெல் அனுமதிக்கும் எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் கத்திரி வெயிலில் இந்த அறை 38ஐத் தொடும் என்று அவர் சொன்னார். ஃபேன் சத்தமும் பெரிது. இந்த போர்டின் பயோஸில் மின்வரம்பு 4095 வாட் என்று இருந்தது. அதாவது வரம்பே கிடையாது. பல போர்டுகள் இப்படியே வருகின்றன, வாங்குகிறவர்களுக்குத் தெரிவதில்லை. நீண்ட நேர வரம்பு, குறுகிய நேர வரம்பு இரண்டையும் 125 ஆக்கினேன். 77 டிகிரி. அதே வீடியோவின் எக்ஸ்போர்ட் நேரம்: கோளாறோடு 52 நிமிடம், 180 வாட்டில் 42, 125 வாட்டில் 45. 55 வாட் கூடுதலாக எரித்து மூன்று நிமிடம் மிச்சம் பிடிப்பது அந்த அறைக்கும் கரண்ட் பில்லுக்கும் தேவையில்லாத செலவு என்பது என் முடிவு, அவரும் ஒத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் ஃபேன் வேகத்தைத் தணித்தோம். 81 டிகிரியில் நின்றது, இரைச்சல் பாதிக்கு மேல் அடங்கியது.

முன் வலையில் கழற்றிக் கழுவும் ஃபில்டர் ஒன்று போட்டிருக்கிறது. பஞ்சு ஊரில் அதை மாதம் ஒருமுறை கழுவ வேண்டும். கூலரைத் திறக்கும் நேரம் வந்ததா என்று அறிய, ஒரு தாளில் மூன்று எண்களை எழுதிக் கேபினட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன்: ஃபேன் முழு வேகத்தில், 125 வாட், முன் வலைக் காற்று 35, பிராசசர் 77. காற்றுக்கும் பிராசசருக்கும் உள்ள வித்தியாசம் 42லிருந்து 47ஐத் தாண்டினால் ஃபேனைக் கழற்றித் தகடுகளைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஏப்ரலில் அறை 38 இருந்தபோது அவரே அளந்து அனுப்பினார்: காற்று 39, பிராசசர் 82.